காய்ந்த தோல் கிடங்கில் ஒரு காலி இடம்

ஆளுடைய கையைப் பார்த்தே அவன் என்ன வேலை செய்கிறவன் என்று சொல்லிவிடுவேன். இந்த வித்தையில் எனக்குச் சமமானவன் ஆம்பூரிலிருந்து வேலூர் வரைக்கும் யாராவது இருந்தால் வந்து எதிரே நிற்கட்டும். சுண்ணாம்புத் தொட்டிக்காரனுக்கு விரல்நுனி வெளுத்து, தோல் மெலிந்து, ஊசியால் குத்தின மாதிரி ஓட்டை விழுந்திருக்கும். ஆவாரம்பட்டைத் தொட்டியில் நிற்கிறவனுக்கு முழங்கை வரைக்கும் பழம்புளியின் நிறம். கத்தியால் சவ்வு வழிக்கிறவனுக்குக் கட்டைவிரலின் அடியில் காய்ப்பு. காலையில் தோல் பதனிடும் ஷாப்பு வாசலில் நாற்பது பேர் வேலை கேட்டு நின்றால் நான் ஊர் கேட்க மாட்டேன், பேர் கேட்க மாட்டேன். "கையைக் காட்டு" என்பேன். பொய்யை வாய் சொல்லும், கை சொல்லாது.

நான் படித்தது மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம். அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டு மாட்டுக்குப் புல் அறுத்தேன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் இன்றைக்குப் பன்னிரண்டு தொட்டி உள்ள சொந்தத் தோல் ஷாப்பு வைத்திருக்கிறேன். ஓட்டு வீடு, குதிரை வண்டி, வாசலில் நான் வந்தால் எழுந்து நிற்கிற ஆட்கள், எல்லாம் நானாகத் தேடினது. அப்பன் சொத்து ஒரு ஆணி கிடையாது.

நான் முன்னுக்கு வந்த கதையை எங்கள் சங்கத்தார் ஒருமுறை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். வேலைக்குப் போகிற வயசுள்ளவர்கள் வாசித்தால் புத்தி வரும் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். கூலியாளாக உள்ளே போனவன், மேஸ்திரியானான், பிறகு பங்குக்காரன், பிறகு முதலாளி. வாசித்தவர்கள் பெருமையாகத் தலையாட்டினார்கள். அதில் ஒரு பொய் கிடையாது. ஆனால் அதில் என் தம்பியும் கிடையாது. கூலியாள் மேஸ்திரியானான் என்று ஒரே வரியில் தாண்டிவிட்டேன். தாண்டின இடத்தை இப்போது எழுதுகிறேன். இதை வாசித்து யாருக்குப் புத்தி வருமோ எனக்குத் தெரியாது.

காலரா வந்த வருஷம் எங்கள் சேரியில் பாதி வீடு காலியாயிற்று. அப்பனும் அம்மாவும் ஒரே வாரத்தில் போனார்கள். எனக்கு அப்போது பதினைந்து பதினாறு இருக்கும், தம்பிக்கு ஆறு. நான் மறுவாரமே சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கினேன். தோலில் உள்ள மயிரை உதிர்க்கத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அதைத் தினமும் வெளியே இழுத்துப் புரட்டி மறுபடி உள்ளே தள்ள வேண்டும். தோலுக்கும் கைக்கும் சுண்ணாம்புக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு வருஷத்தில் என் விரல்கள் ரசம் பட்டாலே துடித்தன. கல்யாணமான பிறகு என் பெண்சாதிதான் எனக்குச் சோறு பிசைந்து ஊட்டுவாள். பக்கத்து வீட்டுக்காரி கிண்டல் செய்தால் இவள் சும்மா இருக்க மாட்டாள்.

"புதுசுல ஊட்டுனா ஆசைம்பாங்க. எட்டு வருசமா ஊட்டறேன், இது ஷாப்புக்காரன் எனக்குத் தராத கூலி" என்பாள்.

தம்பியின் கை அப்படி ஆகக்கூடாது என்று நான் ஒரு பிடிவாதம் வைத்திருந்தேன். அவனைத் தொட்டிப் பக்கமே விடவில்லை. கொஞ்சம் வளர்ந்ததும் பதனிட்ட தோல் கட்டுகளை வண்டியில் ஏற்றி ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டுக்குக் கொண்டுபோகிற வேலைக்கு அனுப்பினேன். ஆள் நெடுநெடுவென்று வளர்ந்தான். வாய் ஜாஸ்தி. என்னைச் சீண்டாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

"ண்ணா, ஊர்ல எல்லாம் கையைப் பாத்து வேலை சொல்றியே. என் கையைப் பாத்துச் சொல்லு, நான் இன்னா வேலைக்குப் போவேன்?"

அவன் கையை இழுத்துப் பார்ப்பேன். ஒரு காய்ப்பு, ஒரு வெடிப்பு இருக்காது.

"திங்கற வேலைக்கு" என்பேன்.

"அதுக்கு எங்க ஆள் எடுக்கறாங்க, சொல்லு. நாளைக்கே போறேன்."

அவனுக்கு இருபது முடிந்தபோது பெண் பார்த்தோம். பள்ளிகொண்டா பக்கத்துப் பெண். நல்ல குடும்பம். பெண்ணின் அப்பா அந்தக் காலத்தில் பேரணாம்பட்டில் சுண்ணாம்புத் தொட்டியில் இருந்தவர். விரல்கள் மடங்காமல் போய், அந்த வேலையை விட்டுச் செங்கல் சூளைக்குக் காவலாளாகப் போய்விட்டார். அவர் போட்ட ஒரே நிபந்தனை இதுதான்.

"பொண்ணு குடுக்கறேன். சீர் கேக்கல, நகை கேக்கல. சுண்ணாம்புக் கைக்கு மட்டும் குடுக்க மாட்டேன். என் பொண்டாட்டி எனக்குப் பட்ட பாடு போதும்."

இது அவர் ஒருவருடைய பிடிவாதம் இல்லை. எங்கள் பக்கத்தில் அப்போது பல வீடுகளில் உண்டு. நிச்சயத்தன்று தாம்பூலத் தட்டை மாப்பிள்ளை இரண்டு உள்ளங்கையையும் விரித்து வாங்கவேண்டும். தட்டைக் கொடுக்கிறவர் உடனே கையை எடுக்க மாட்டார். வெற்றிலையை ஒதுக்கிவிட்டு மாப்பிள்ளையின் கையைத் திருப்பி, விரல்நுனி வரைக்கும் பார்ப்பார். குலம் கோத்திரம் எல்லாம் அதற்குப் பின்னால்தான். கையைப் பார்த்தால் பெண் எப்படி வாழப்போகிறாள் என்று தெரிந்துவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. நானும் அப்படித்தான் நம்பினேன். அந்த நம்பிக்கையில்தானே நான் பெரிய ஆள்.

வண்டியில் கட்டு ஏற்றுகிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அது நிலையான வேலை இல்லை. கட்டு போகிற நாளில் கூலி, போகாத நாளில் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் தம்பிக்கு ஒரு நிலையான வேலை வேண்டும் என்று நான் தேடிக்கொண்டிருந்தபோதே, அவன் தானாக ஒன்று தேடிக்கொண்டு வந்து நின்றான். ரயில்வே வேலை.

கூட்ஸ் ஷெட் குமாஸ்தாவுக்கு இவனைப் பிடித்துப்போயிருந்தது. அவர் சொல்லி அனுப்ப, டிராலியில் வந்த இன்ஸ்பெக்டர் இவனைக் கூப்பிட்டு, மேசையில் கலர் கலராகக் கம்பளி நூல் கண்டுகளைக் கொட்டி, பச்சையை எடு, சிவப்பை எடு என்று கேட்டாராம். கண் சரியாக இல்லாதவனைக் கொடி காட்டும் வேலைக்கு எடுக்க மாட்டார்களாம். இவன் ஒன்றுகூடத் தப்பாமல் எடுத்துவிட்டான். அடுத்த மாசம் ஜோலார்பேட்டைக்கு வரச்சொல்லிச் சீட்டுக் கொடுத்துவிட்டார்கள். சீட்டை மடியிலிருந்து எடுத்து என் முன்னால் விரித்தான். அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

நான் கேட்டேன்: "மொதலாளி யாரு?"

"கம்பெனி."

"கம்பெனின்னா இன்னா, ஆளா?"

"ஒரு ஆள் இல்லண்ணா. நெறைய பேர் சேந்தது. சீமையில இருக்காங்களாம்."

"நீ பாத்தியா?"

"ஸ்டேஷன் மாஸ்டரே பாத்தது இல்லியாம்."

"பாக்காத ஆளுக்கு எப்பிடிடா உழைக்கறது? உனக்கு ஒடம்புக்கு வந்தா யார் வாசல்ல போய் நிப்பே?"

"வாசல்ல நிக்கத்தான் வேலைக்குப் போறமா?"

என் பெண்சாதி அடுப்படியிலிருந்து சொன்னாள்: "போவட்டுமே. கொடி புடிச்சா கை கெட்டா பூடும்?"

"நீ சும்மா கெட. இன்னிக்கு ஜோலார்பேட்டைம்பான், நாளைக்கு ஈரோடும்பான், அப்பறம் எங்கயோ. பொண்ணைக் கட்டிக்கினு தண்டவாளத்துலயா குடும்பம் நடத்துவான்?"

வேலை என்றால் என்ன என்று எனக்கு அப்போது ஒரு தீர்மானம் இருந்தது. யாரிடமும் கற்காமல் நானாகக் கண்டுபிடித்தது, அதனால் அதில் எனக்குக் கர்வமும் உண்டு. முதலாளி கண்ணில் தெரிய வேண்டும். அவன் நம்மைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். தலைக்குமேல் கூரை இருக்க வேண்டும், கை கெடாமல் இருக்க வேண்டும். இந்த நான்கும் உள்ள வேலை நல்ல வேலை. ரயில் வேலையில் கூரையும் இல்லை, முதலாளியும் இல்லை. தம்பிக்கு நான்தான் அப்பன். அப்பன் சொன்னால் சொன்னதுதான்.

மறுநாளே எங்கள் முதலாளியிடம் போனேன். சாய்பு நல்லவர், இதை இப்போதும் சொல்வேன். வேலையாள் வீட்டில் குழந்தை பிறந்தால் சர்க்கரை கொடுத்து அனுப்புவார். அலுவல் அறைக்கு வெளியே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாப்பா, காலையிலயே மூஞ்சி பேஜாரா இருக்குது?"

"தம்பிக்கு உள்ள ஒரு வேலை வேணும் சாய்பு. ஈரம் இல்லாத வேலையா, சுண்ணாம்பு இல்லாத வேலையா இருந்தா நல்லது. பொண்ணு நிச்சயம் பண்றோம்."

சிரித்தார். "கை பாக்கற ஊட்டுல பொண்ணு எடுக்கறியா?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கெடங்குல ஒரு எடம் காலியா இருக்குது. காய்ஞ்ச தோல் கட்டைப் பிரிக்கணும், ஒதறணும், அடுக்கணும். தண்ணி இல்ல, சுண்ணாம்பு இல்ல. கூலியும் தொட்டிக்காரனைவிட ஜாஸ்தி" என்றார்.

நான் விவரமான ஆள் அல்லவா, எல்லாம் கேட்டேன். காலையில் எத்தனை மணிக்கு வரவேண்டும், எத்தனை மணிக்கு விடுவார்கள், வெள்ளிக்கிழமை அரை நாளா முழு நாளா, தீபாவளிக்குத் துணி உண்டா, உடம்பு சரியில்லாமல் போனால் இடம் போய்விடுமா இருக்குமா. ஒவ்வொன்றுக்கும் சாய்பு பொறுமையாகப் பதில் சொன்னார். பக்கத்தில் இருந்த கணக்குப்பிள்ளை, "வக்கீலாட்டம் கேக்கறானே" என்று சிரித்தார். அதுவும் எனக்குப் பெருமையாக இருந்தது.

கேட்காதது ஒன்று. அந்த இடம் ஏன் காலியாயிற்று, அதில் இருந்தவன் எங்கே போனான் என்று கேட்கவில்லை. நிழலில் நின்று செய்கிற, கை நோகாத வேலைக்கு எதற்காகத் தொட்டிக்காரனைவிடக் கூலி ஜாஸ்தி கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஷாப்பில் நூற்றைம்பது பேர். கிடங்கு பின்னால் தனியாக, கம்பிச் சன்னலோடு இருந்தது. தொட்டிக்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

தம்பியிடம் சொன்னேன். அவன் சீட்டை மடித்து மடியில் வைத்தான். என்னோடு சண்டை போடுவான் என்று பார்த்தேன்.

"சரிண்ணா" என்றான். அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்க் கூட்ஸ் ஷெட் குமாஸ்தாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான். அன்று முழுக்க என்னைச் சீண்டவில்லை.

கிடங்குக்குத் தோல் வெளியூர்களிலிருந்து ரயிலில் வரும். வெயிலில் காயவைத்த மாட்டுத் தோல், மயிரோடு, பலகை மாதிரி விறைத்துக் கட்டுக்கட்டாக இருக்கும். தூக்கித் தோளிலும் பிடரியிலும் வைத்துச் சுமந்து போட வேண்டும். பிரித்து உதறும்போது தூசியும் மயிரும் அறை முழுக்கப் பறக்கும். சாயங்காலம் வந்தால் தம்பியின் கழுத்தில், காதுக்குப் பின்னால், சட்டைக்குள்ளே எல்லாம் மயிர் ஒட்டியிருக்கும். என் பெண்சாதி அவனை வாசலிலேயே நிற்கவைத்துத் துணியால் தட்டுவாள்.

"மாட்டை விட்டுட்டு மயிரை மட்டும் ஓட்டிக்கினு வந்திருக்கியேடா" என்பாள்.

"மாட்டுக்கு ரயில்ல டிக்கெட் எடுக்கலியாம் அண்ணி" என்பான்.

கை மட்டும் அப்படியே இருந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் கை மாதிரி. ஞாயிற்றுக்கிழமை தெருவில் யாராவது வந்து உட்கார்ந்தால் நான் தம்பியைக் கூப்பிட்டு, "கையைக் காட்டுடா" என்பேன். அவன் சலித்துக்கொண்டு காட்டுவான். "தோல் ஷாப்புல நாலு மாசம் வேலை செஞ்ச கை. பாருங்க" என்பேன். எனக்குத் தெரிந்து அந்த வட்டாரத்தில் தம்பிக்கு அப்படி ஒரு இடம் பிடித்துக் கொடுத்தவன் நான் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிச்சயத்துக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு நாலு நாள் முன்னால் தம்பியின் கழுத்தில், வலது காதுக்குக் கீழே, கொசு கடித்த மாதிரி ஒரு தடிப்பு வந்தது. மறுநாள் அது நீர்க் கொப்புளமாயிற்று. மூன்றாம் நாள் நடுவில் கறுத்துப்போய், சுற்றிலும் வீங்கியிருந்தது.

"வலிக்குதா?"

"வலியே இல்லண்ணா. அரிக்குது."

என் பெண்சாதி, "கறுப்பு நல்லால்ல. கம்பவுண்டருகிட்டக் காட்டிட்டு வா" என்றாள்.

வலி இல்லாத கட்டியைக் காட்ட எவனாவது போவானா என்றேன். மஞ்சளும் ஆமணக்கு எண்ணெயும் சூடுபண்ணி வைக்கச் சொன்னேன். இன்னொன்றும் என் மனசில் இருந்தது, அதை அவளிடம் சொல்லவில்லை. பெண் வீட்டார் கழுத்தில் கறுப்பாக ஒன்றைப் பார்த்தால் என்ன வியாதியோ என்று பேச்சு வரும். கை சுத்தமாக இருக்கும்போது கழுத்தால் காரியம் கெட்டுவிடக்கூடாது. நிச்சயம் முடியட்டும், மறுநாள் காட்டிக்கொள்ளலாம். ஒரு நாள்தானே.

அன்று காலையில் புதுத் துண்டு ஒன்றை வாங்கி, நானே அவன் கழுத்தைச் சுற்றிப் போட்டேன். வீக்கம் தெரியாமல் இரண்டு மடிப்பாக இழுத்துவிட்டேன். "மாப்பிள்ளை மாதிரி இருக்கே" என்றேன். உடம்பு சுட்டது. வெயிலில் நின்றான், அதனால் என்று நினைத்தேன்.

வண்டி கட்டிக்கொண்டு போனோம். பெண் வீட்டில் கூட்டம் அதிகம். பெண்ணின் அப்பா எங்களுக்குப் பாய் விரித்தார். பெண்ணை அழைத்துவந்து உட்காரவைத்தார்கள். தம்பி பேசாமல் இருந்தான். சும்மாவே பத்துப் பேருக்கு ஒரே ஆளாகப் பேசுகிறவன் அவன்.

பெண்ணின் தாய்மாமன் வேடிக்கையான மனுஷன். "இன்னா மாப்பிள்ளே, பேச்சே வரல? எங்க பொண்ணைப் பாத்ததும் தொண்டை அடைச்சிக்கிச்சா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். நானும் சிரித்தேன். அவனுக்குத் தொண்டை நிஜமாகவே அடைத்துக்கொண்டிருந்தது.

தாம்பூலத் தட்டு வந்தது. தம்பி இரண்டு கையையும் விரித்தான். கை நடுங்கியது, கூச்சம் என்று நினைத்துக்கொண்டார்கள். பெண்ணின் அப்பா தன் மடங்காத விரல்களால் அவன் கையைப் பிடித்துத் திருப்பி, நகக்கண் வரைக்கும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"பொண்ணுக்கு அதிர்ஷ்டம்" என்றார்.

அந்த நிமிஷத்தில் என் நெஞ்சு எப்படி இருந்தது என்பதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்தக் கையை உண்டாக்கினவன் நான் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

சாப்பாட்டுக்கு எழுந்தபோது தம்பி எழவில்லை. தோளைத் தொட்டேன், அப்படியே என் காலில் சாய்ந்தான். துண்டு நழுவியது. கழுத்து மார்பு வரைக்கும் வீங்கி, கட்டி இருந்த இடம் கரிக்கட்டை மாதிரி இருந்தது. கூட்டம் விலகி நின்றது. பெண்ணின் அப்பா மட்டும் கிட்டே வந்து பார்த்தார்.

"வண்டியை வேலூருக்கு ஓட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவரே தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர் எதிரே வந்தார். துண்டை விலக்கிப் பார்த்தவர் பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை.

"இன்னா வேலை செய்றான்?"

"தோல் ஷாப்புல."

"ஈரத் தோலா, காய்ஞ்ச தோலா?"

"காய்ஞ்சது."

அவர் திரும்பி உள்ளே குரல் கொடுத்தார். இரண்டு பேர் ஓடிவந்து தம்பியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் ஷாப்பு எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அவர் சொன்னார்: "பொங்கலுக்கு முன்ன அங்கேர்ந்து ஒரு ஆளு வந்தான். இதே மாதிரிதான், கழுத்துல. ரெண்டு நாள் இருந்தான். அந்த எடத்துலயா இவனைச் சேத்தீங்க?"

பெண்ணின் அப்பா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

பிறகு டாக்டர் வந்து விளக்கினார். அடைப்பான் நோய் வந்து செத்த மாட்டின் தோலில் அது ஒட்டிக்கொண்டு வரும், தோல் காய்ந்தாலும் அது சாகாது, சுமக்கிறவன் கழுத்தில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும் என்றார். வலிக்காது, அதுதான் அதனுடைய மோசம் என்றார். மூன்று நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தம்பி மறுநாள் மத்தியானம் வரைக்கும் இருந்தான். நடுவில் ஒரு தடவை நினைவு வந்து, "ண்ணா, பொண்ணு என்னைப் பாத்துச்சா?" என்றான். பார்த்தாள் என்றேன். பார்த்தாளா இல்லையா, எனக்குத் தெரியாது. பிறகு ஜன்னி கண்டது. போர்த்தியிருந்த கம்பளியிலிருந்து நூலை நூலாகப் பிடுங்கி ஒவ்வொன்றாக என் பக்கம் நீட்டினான். "இது பச்சை. இது செவப்பு. இதுவும் பச்சை" என்றான். கம்பளி முழுக்கச் சாம்பல் நிறம்தான். நான், சரி, சரி, எல்லாம் சரியாக எடுத்திருக்கிறாய் என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு நூலையும் வாங்கிக்கொண்டேன்.

ஆம்பூருக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பாலாற்றங்கரையில் அடக்கம் செய்தோம். நான்கு பேர் இருந்தோம். மண்ணைத் தள்ளிவிட்டுப் பெண்ணின் அப்பா என் பக்கம் திரும்பினார். திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நானும் கையைத்தான்யா பாத்தேன்" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு அடுத்த வருஷம் வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று என்று கேள்விப்பட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். என் பெண்சாதி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆனால் என்னைப் பார்த்து, நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த நாள் வரைக்கும் சொல்லவில்லை. அவள் எனக்குச் சோறு ஊட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். தட்டில் போட்டு முன்னால் வைத்துவிட்டுப் போவாள். நானே பிசைந்து சாப்பிடக் கற்றுக்கொண்டேன். எரியும். எரியட்டும் என்று சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் சாய்பு எங்கள் சேரிக்கு வந்தார். அவர் மாதிரி ஒரு முதலாளி எங்கள் தெருவுக்குள் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. நாற்காலி தேடி ஓடினார்கள். அவர் வேண்டாம் என்று மண் தரையில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முன்ன இருந்த ஆளு காய்ச்சல்ல போய்ட்டான்னுதான் எங்கிட்ட சொன்னாங்க. அல்லா சத்தியமா" என்றார்.

நான் அவரை நம்பினேனா என்று கேட்டால், இன்றைக்கும் தெரியாது. முதலாளி கண்ணில் தெரிய வேண்டும், பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று சொன்னேன் அல்லவா. தெரிந்தார், கூப்பிட்டார், என் வீட்டு வாசலுக்கே வந்து அழுதார். அதற்குமேல் ஒரு முதலாளியிடம் கேட்க எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

எழுந்து போகும்போது சொன்னார்: "நீ இனிமே தொட்டியில எறங்காதே. மேஸ்திரியா இரு. ஆள் எடுக்கறது, நிறுத்தறது எல்லாம் நீ பாத்துக்க."

இதுதான் நான் ஏறின முதல் படி. என் கைவித்தையைப் பார்த்து சாய்பு என்னை மேஸ்திரி ஆக்கினார் என்று முப்பது வருஷமாக எல்லாரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். கேட்டவர்கள் நம்பினார்கள், பல நாள் நானே நம்பினேன். கைவித்தை எனக்கு உண்டு, அது பொய்யில்லை. அதற்குப் பிறகு நான் ஏறின படிகள் எல்லாம் என் உழைப்புதான், அதை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது. ஆனால் முதல் படியை என் தம்பியின் சாவுக்காகக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. வாங்கிக்கொண்டேன்.

பத்தாம் நாள் மேஸ்திரியாக ஷாப்பு வாசலில் போய் நின்றேன். அன்றைக்கு எடுக்க வேண்டியது ஒரே ஒரு ஆள். கிடங்குக்கு.

வாசலில் நின்றவர்களை எல்லாம் கேட்டேன். தொட்டி வேலை என்று நினைத்து முன்னால் வந்தவர்கள், கிடங்கு என்றதும் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனார்கள். கடைசியில் ஒருத்தன் மட்டும் நின்றான். நாட்றம்பள்ளி பக்கத்து ஆள், இருபத்தைந்து வயசு இருக்கும், விலா எலும்பு தெரிந்தது. அவனைத் தனியாக அழைத்துக்கொண்டு போனேன். யாரும் எனக்குச் சொல்லாததை நான் அவனுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

"இந்த எடத்துல இருந்தது என் தம்பி. செத்துட்டான். அவனுக்கு முன்ன இருந்தவனும் செத்துட்டான். தோலுலேர்ந்து வர்ற நோவு" என்றேன்.

"தெரியும் மேஸ்திரி" என்றான்.

"தெரிஞ்சுமா வர்றே?"

"எல்லாருக்கும்தான் தெரியும். ஊட்ல ரெண்டு நாளா அடுப்பு எரியல. இன்னிக்கே எறங்கட்டா, நாளைக்கு வரட்டா?"

கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். எல்லாருக்கும் தெரியுமாம். அந்த ஷாப்பில் பல வருஷமாகத் தோல் புரட்டின எனக்குத் தெரியவில்லை. கழுத்தில் துணி கட்டிக்கொள், கீறல் இருந்தால் சுமக்காதே, கொப்புளம் வந்தால் அன்றைக்கே என்னிடம் வா என்று சொல்லி அவனை உள்ளே அனுப்பினேன். இடத்தைக் காலியாக வைக்க ஒரு மேஸ்திரிக்கு அதிகாரம் கிடையாது. இருந்திருந்தாலும் வைத்திருப்பேனா, தெரியாது. அது எனக்குப் புது வேலை.

ஒவ்வொரு நாளும் சாயங்காலம் அவனை நிறுத்தி, கழுத்தைத் திருப்பிப் பார்த்துத்தான் வெளியே விடுவேன். அவன் அந்தக் கிடங்கில் ஆறு வருஷம் இருந்தான். ஒரு கொப்புளம் கூட வரவில்லை. கல்யாணம் செய்துகொண்டான், இரண்டு பிள்ளைகள் பிறந்தன. பிறகு கோலார் தங்கவயலில் சுரங்க வேலை கிடைத்துப் புறப்பட்டான். போகிற அன்று பெண்சாதி பிள்ளைகளோடு வந்து என் காலைத் தொட்டான்.

"நீ குடுத்த வேலை மேஸ்திரி. அதான் இன்னிக்கு இதுங்க இருக்குதுங்க" என்றான்.

நன்றாயிரு என்று வாழ்த்த வேண்டிய இடம். பிள்ளைகளின் தலையில் கை வைத்தேன். அவன் முகத்தைப் பார்க்கப் பார்க்க, உனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்றே என் மனசு கேட்டுக்கொண்டிருந்தது. அப்படி நினைப்பது பாவம் என்று எனக்குத் தெரியும். அவன் வண்டியேறிப் போன பிறகும் அதையேதான் கேட்டுக்கொண்டு நின்றேன்.